முருகைக்கல்லின் ஆண்டுக் கோடுகளை வாசிக்கும் மென்பொருட்கள்: ஓர் எக்ஸ்ரேக்காரனின் குறிப்புகள்

கடலே கண்ணுக்குத் தெரியாத, இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலையில் இருந்துகொண்டு முருகைக்கல்லைப் (பவளத்தைப்) பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் முருகைக்கல்லின் வன்கூட்டைப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து அது ஆண்டுக்கு எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கிடும் வேலை, நான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் காலமெல்லாம் செய்துவந்த வேலைக்கு மிகவும் நெருக்கமானது. கிழக்குக் கரையில் கடலுயிரியல் படிக்கும் என் அக்காவின் மகள் இவ்வளவீட்டுக்கான மென்பொருளைப் பழகத் தொடங்கியபோது, "மாமா, இதுல ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணுன்னு ஒன்னு வருதே, அது உங்க ஸ்கேன்ல வர்ற அதே எண்தானா?" என்று கேட்டாள். அதே எண்தான்: ஒரு பொருள் எக்ஸ்ரேக் கதிரை எவ்வளவு மறிக்கிறது என்பதைக் காட்டும் சி.ரி. ஸ்கேன் எண். அதன் பிறகு, ஆய்வாளர்கள் பொதுவில் திறந்துவைத்திருக்கும் படங்களை அவளோடு சேர்ந்து நானும் பார்த்துவருகிறேன். அப்படிப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. இம்மென்பொருட்கள் நீளத்தையும் அடர்த்தியையும் துல்லியமாகவே அளக்கின்றன. ஆனால் ஓர் ஆண்டு எங்கே முடிந்து அடுத்த ஆண்டு எங்கே தொடங்குகிறது என்பதைத் திரைக்கு முன்னால் இருப்பவர்தான் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தை மறைத்துவிட்டு விடையை மட்டும் தரும் மென்பொருளைவிட, அதை உள்ளபடியே பதிந்துவைக்கும் மென்பொருளையே நான் நம்புவேன்.

இவ்வாய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவன பொரைட்டீஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த திரண்ட முருகைக்கற்கள். அவை கிளைவிடாமல் பாறைபோல் உருண்டு வளர்பவை. மேற்பரப்பில் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள இழையம் மட்டுமே உயிருள்ளது. அதன் கீழே இருப்பதெல்லாம் அந்த இழையம் கட்டிவிட்டு மேலேறிச் சென்ற, அரகோனைட்டு என்னும் சுண்ணக் கனிமத்தாலான வன்கூடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் உயரும் ஒரு முருகைக்கல் 3 மீற்றர் உயரத்தை அடைந்திருந்தால், அதனுள் சுமார் 300 ஆண்டுகளின் கணக்கு அடுக்கடுக்காக இருக்கும். பருவத்தோடு கூட்டின் நெருக்கமும் மாறுவதால், எக்ஸ்ரேப் படத்தில் அடர்ந்த பட்டையும் அடர்த்தி குறைந்த பட்டையும் மாறிமாறித் தெரிகின்றன. பொதுவாக இரண்டும் சேர்ந்த ஒரு சோடி ஓர் ஆண்டு. சுழியோடிகள் நீருக்கடியில் துளைகருவியால் சில சென்ரிமீற்றர் விட்டமுள்ள நீண்ட உருளையைத் துளைத்தெடுத்து, துளையைச் சீமெந்தால் அடைத்துவிடுவார்கள். நாளடைவில் இழையம் அதன்மேல் வளர்ந்து மூடிக்கொள்ளும். தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை வண்டி வண்டியாகச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக எரித்த நாடு நம்முடையது என்பதை நினைத்தால், இந்த அளவுக்கான கவனம் எனக்குப் பெரிய மரியாதையாகவே தோன்றுகிறது.

பட்டைகள் ஆண்டுக்கொருமுறை உண்டாகின்றன என்பதை உறுதிசெய்த விதம் சற்றுக் கொடுமையானது. மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெட்டொக் பவளத்தீவில் 1948 முதல் 1958 வரை அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. அக்காலத்தில் அங்கே வளர்ந்துகொண்டிருந்த முருகைக்கற்களின் கூட்டில் கதிரியக்கம் அடுக்காகப் பதிந்துவிட்டது. வெடித்த ஆண்டுகள் தெரியும். ஆகவே கதிரியக்கம் பதிந்த அடுக்குகளையும் எக்ஸ்ரேயில் தெரிந்த பட்டைகளையும் ஒப்பிட்டு, ஒரு சோடிப் பட்டை ஓர் ஆண்டு என்பதை நட்சன், படமையர், ஸ்மித் ஆகிய மூவரும் 1972 இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். இன்றைய மென்பொருட்கள் எல்லாம் நிற்கும் அத்திவாரம் அந்தக் கட்டுரைதான். ஆனால் அது ஓர் இடத்துக்கும் சில இனங்களுக்கும் காட்டப்பட்டது. எல்லாக் கடலிலும் அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அளக்கப்படுபவை மூன்று. ஓராண்டில் கூடு எவ்வளவு உயர்ந்தது என்பது நீட்சி. அந்த ஆண்டுக்குரிய கூட்டின் ஒரு கன சென்ரிமீற்றர் எத்தனை கிராம் என்பது அடர்த்தி. இரண்டையும் பெருக்கினால் வருவது சுண்ணப்படிவு, அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் அந்த ஆண்டில் படிந்த சுண்ணத்தின் நிறை. நீட்சி 1.3 சென்ரிமீற்றர், அடர்த்தி 1.25 கிராம் என்று வைத்துக்கொண்டால் சுண்ணப்படிவு ஏறத்தாழ 1.63 கிராம். அரகோனைட்டுக் கனிமத்தின் அடர்த்தி 2.93 அளவில் இருப்பதால், பொரைட்டீஸ் கூட்டின் பாதிக்கு மேல் வெற்றிடம்தான் என்பதும் இதிலிருந்தே விளங்கும். கடல் சூடேறுகிறதா, அமிலமாகிறதா, கழிவுநீர் கலக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆய்வாளர்கள் இந்த மூன்று எண்களைத்தான் சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

பழைய முறையில், உருளையை நெடுக்காக அறுத்து, ஏழெட்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடாக்கி, சாதாரண எக்ஸ்ரே எடுப்பார்கள். இங்கேதான் என் தொழிலின் பழைய சங்கதி ஒன்று வந்து நிற்கிறது. எக்ஸ்ரேக் குழாயிலிருந்து புறப்படும் கதிர் எல்லாப் பக்கமும் ஒரே வலுவோடு விழாது. குழாயின் எதிர்முனையான கதோட்டுப் பக்கம் வலுத்தும் நேர்முனையான அனோட்டுப் பக்கம் மெலிந்தும் விழும். தொடையெலும்பைப் படமெடுக்கும்போது தடித்த இடுப்புப் பக்கத்தைக் கதோட்டுப் பக்கமாகக் கிடத்த வேண்டும் என்பது எங்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் சூட்சுமம். அப்படிக் கிடத்தினால் குறையே குணமாகி, படம் சீராக வரும். முருகைக்கல் தகட்டுக்கோ இருபுறமும் ஒரே தடிப்பு. அதை நீளவாக்கில் வைத்துப் படமெடுத்தால், அனோட்டுப் பக்கம் இருக்கும் நுனி உண்மையில் இருப்பதைவிட அடர்ந்ததாகப் படத்தில் தெரியும். அந்த நுனி அண்மைய ஆண்டுகளுடையதாக இருந்துவிட்டால், முருகைக்கல் ஆண்டாண்டாக அடர்ந்துவருகிறது என்று ஒரு கதை தானாகவே பிறந்துவிடும். ஆய்வாளர் தேடுவதும் அத்தகைய மெல்லிய சரிவைத்தான் என்பதால் இது சாதாரணக் குறை அன்று. குழாயிலிருந்து தூரம் கூடக்கூடக் கதிர் மெலிவதும், தகட்டின் தடிப்பு ஒரு மயிரிழை கூடிக்குறைவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே முதல் தலைமுறை மென்பொருட்களின் உழைப்பில் பெரும்பகுதி, பட்டைகளை எண்ணுவதற்கு முன்பே, படத்தை நேர்செய்வதில்தான் கழிந்தது. படியமைப்பில் வெட்டிய அலுமினியத் துண்டையோ, தடிப்பும் அடர்த்தியும் தெரிந்த முருகைக்கல் துண்டையோ தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தே படமெடுப்பார்கள். அந்தத் துண்டின் சாம்பல் நிறத்தைக் கொண்டு தகட்டின் ஒவ்வொரு புள்ளியின் சாம்பல் நிறத்தையும் அடர்த்தியாக மாற்றுவார்கள். புளோரிடாவின் நோவா தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஹெல்ம்லி, கோலர், டொட்ஜ் ஆகியோர் உருவாக்கிய கோரல்-எக்ஸ்.டி.எஸ். இந்த வகை. படத்தின்மீது ஒரு கோட்டை இழுத்தால், அக்கோட்டின் வழியே அடர்த்தி ஏறியிறங்குவதை வரைபடமாகக் காட்டி, சிகரங்களையோ பள்ளங்களையோ கொண்டு ஆண்டுகளைப் பிரிக்க உதவும். எண்முறைப் படுத்திய எக்ஸ்ரேப் படத்திலிருந்தே கதிரின் சீரின்மையை நீக்கி அடர்த்தியைப் பெறும் முறையைக் கரிக்கார்ட்-கானிவெட்டும் பார்ன்ஸும் 2007 இல் விரிவாக எழுதினார்கள். இன்னொரு சின்ன விடயம்: எங்கள் துறையில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். முருகைக்கல் கட்டுரைகள் பலவற்றில் படத்தின் கறுப்பு வெள்ளையை மாற்றி அச்சிடுவதால் அடர்ந்த பட்டை கறுப்பாக இருக்கும். எது எதுவென்று பட விளக்கத்தைப் பார்க்காமல் எண்ணத் தொடங்குவது ஆபத்து.

சி.ரி. ஸ்கேன் வந்த பிறகு தகடு அறுக்கும் தேவையே பெரும்பாலும் போய்விட்டது. உருளையை அப்படியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயாளியைக் கிடத்துவதுபோல் கிடத்தி இயந்திரத்துக்குள் அனுப்பினால், முப்பரிமாணத்தில் முழு உருவமும் கணினிக்கு வந்துவிடும். அதன் பிறகு எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் மெய்நிகராக நறுக்கிப் பார்க்கலாம். இது வெறும் வசதி அன்று. முருகைக்கல்லைக் கட்டும் சிற்றுயிர்களான பொலிப்புகள் வளர்ந்த திசை உருளைக்குள் வளைந்து வளைந்து செல்லும். அந்தத் திசைக்குச் சாய்வாகத் தகட்டை அறுத்துவிட்டால் பட்டைகள் உண்மையைவிட அகலமாகத் தெரியும், சில இடங்களில் கலங்கியே போகும். அறுத்த பிறகு அதைத் திருத்த வழியில்லை. ஸ்கேனில் அந்தத் திசையையே பின்தொடர்ந்து போகலாம். கான்ரின் முதலானோர் 2010 இல் சயன்ஸ் இதழில், செங்கடலின் நடுப்பகுதியில் 1998 இற்குப் பிறகு ஒரு முருகைக்கல் இனத்தின் வளர்ச்சி 30 சதவீதம் அளவில் குறைந்துவிட்டது என்று எழுதியதும் சி.ரி. ஸ்கேனை வைத்துத்தான்.

ஆனால் ஆஸ்பத்திரி ஸ்கேனருக்கும் சில குணங்கள் உண்டு; அவை அக்காவின் மகளுடைய பாடப்புத்தகத்தில் இல்லாதவை. ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுகோலில் நீருக்கு 0, காற்றுக்கு −1000. இந்த எண் அடர்த்தி ஆகிவிடாது; அடர்த்தி தெரிந்த துண்டுகளை அதே இயந்திரத்தில், அதே மின்னழுத்தத்தில் ஸ்கேன் செய்து, எண்ணுக்கும் அடர்த்திக்கும் உள்ள தொடர்பை ஒவ்வொரு தடவையும் நிறுவ வேண்டும். ஸ்கேனர் படத்தை மீளுருவாக்கும்போது, எலும்பின் விளிம்பைக் கூர்மையாகக் காட்டும் தெரிவு ஒன்று இருக்கும். எலும்பு முறிவைத் தேடும் டொக்டருக்கு அது வரப்பிரசாதம். அடர்த்தியை அளப்பவருக்கு அது நஞ்சு, ஏனெனில் கூர்மைப்படுத்தும்போது விளிம்பை ஒட்டிய எண்கள் உண்மைக்கு மேலேயும் கீழேயும் தாவிவிடும். கல் கடினமானது, எலும்பைப் போன்றது என்று எண்ணி ஒரு தொழில்நுட்பவியலாளர் நல்லெண்ணத்தோடு எலும்புத் தெரிவைப் போட்டுக்கொடுத்தால், அழகான படமும் பிழையான எண்களும் கிடைக்கும். அடுத்தது, கதிர் உருளையின் உள்ளே செல்லச்செல்ல அதன் மென்மையான பகுதி உறிஞ்சப்பட்டுவிடுவதால், வெளிவிளிம்பு நடுவைவிட அடர்ந்ததாகத் தெரியும் போலித்தோற்றம். ஒப்புநோக்கும் துண்டும் உருளையின் பருமனுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

உருளையை நன்றாக உலர்த்தாமல் ஸ்கேன் செய்தாலும் கணக்குக் கெடும். கூட்டின் பாதிக்கு மேல் வெற்றிடம் என்று மேலே சொன்னேன். அந்த வெற்றிடத்தில் நீர் நின்றால் அதுவும் சுண்ணத்தோடு சேர்ந்து அடர்த்தியாகிவிடும். மழைநாளில் நனைந்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோக்கணக்கில் வெட்டுவதை இங்கே எல்லோரும் அறிவோம். தோட்டத்தில் அந்த வெட்டு கண்மதிப்பில் நடக்கிறது, ஆய்வுக்கூடத்தில் அதற்கு இடமில்லை, உலர்த்தியே ஆக வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் முக்கியமான வேலை இன்னும் தொடங்கவில்லை. திரையில் சாம்பல் நிற உருளை நெடுக்காகப் பிளந்து கிடக்கிறது. பட்டைகள் சில இடங்களில் கோடு போட்டதுபோல் துலக்கமாகவும், சில இடங்களில் பால் சிந்தியதுபோல் பரவியும் இருக்கின்றன. பார்க்கிறவர் ஒவ்வோர் ஆண்டின் எல்லையிலும் சொடுக்கிச் செல்ல வேண்டும். நானும் அக்காவின் மகளும் ஒரே ஸ்கேனைத் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தோம். பெரும்பகுதி ஒத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும், இரண்டு துலக்கமான அடர்ந்த பட்டைகளுக்கு நடுவே, உருளையின் இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டு நடுவரை வந்து மறைந்துபோகும் மெல்லிய வெளிறிய கோடு ஒன்று இருந்தது. அவள் அதை ஓர் ஆண்டாகக் குறித்திருந்தாள், நான் குறிக்கவில்லை. முழு அகலத்துக்கும் ஓடாத கோடு ஆண்டுக்கோடாக இருக்க முடியாது என்பது என் வாதம். "அந்தப் பக்கம் வளர்ச்சி மெதுவா இருந்திருக்கலாம் மாமா, கோடு ஒன்னோட ஒன்னு ஒட்டிப்போயிருக்கும்" என்பது அவள் வாதம். இரண்டும் நியாயமானவைதான். வேறு கோணத்தில் நறுக்கிப் பார்த்தபோதும் தீர்ப்புக் கிடைக்கவில்லை. பொரைட்டீஸின் இழையம் மேலேறும்போது தன் கீழே மெல்லிய குறுக்குத் தட்டுகளை இட்டுச் செல்லும். அவை சந்திர மாதத்துக்கு ஒன்றாக அமைவதால், ஓர் ஆண்டுக்குள் 12 அல்லது 13 இருக்க வேண்டும். அவற்றை எண்ணினால் வழக்குத் தீரும். ஆனால் அரை மில்லிமீற்றர் அளவில் பார்க்கும் ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கு அவை அகப்படா. கூட்டை உருப்பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு கோடு கூடுவதாலும் குறைவதாலும் எந்த எண் எவ்வளவு அசைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விடயம் தெளிவாகும். பத்து ஆண்டுகளில் 13 சென்ரிமீற்றர் வளர்ந்த ஒரு துண்டில் ஒரு கோட்டைக் குறிக்காமல் விட்டால், அது ஒன்பது ஆண்டாகிறது, நீட்சி 1.3 இலிருந்து 1.44 ஆகிறது. அடர்த்தி அசைவதே இல்லை, ஏனெனில் அது துண்டின் சராசரி. எல்லை எங்கே போட்டாலும் அது அதிகம் மாறாது. பெருக்கி வரும் சுண்ணப்படிவு 1.63 இலிருந்து 1.81 ஆகிறது. பொரைட்டீஸில் கடல்நீரின் சராசரி வெப்பநிலை 1 பாகை கூடினால் ஆண்டுச் சுண்ணப்படிவு மூன்றில் ஒரு கிராம் அளவில் கூடுகிறது என்று லாஃப்பும் பார்ன்ஸும் 2000 இல் காட்டியிருக்கிறார்கள். ஆக, ஒரே ஒரு மங்கிய கோட்டைப் பற்றிய கருத்து வேறுபாடு, கடல் அரைப் பாகைக்கு மேல் சூடாகிவிட்டதற்குச் சமமான மாற்றத்தை எண்ணில் உண்டாக்கிவிடுகிறது. எல்லையைச் சற்று மேலேயோ கீழேயோ போடுவதால் வரும் பிழை அவ்வளவு கொடியதன்று. ஓர் ஆண்டுக்குக் கூடுவது அடுத்த ஆண்டில் குறைந்துவிடும், சராசரி தப்பிவிடும். கோட்டின் இருப்பையே பற்றிய பிழைதான் சராசரியையும் இழுத்துக்கொண்டு போகும்.

மிக மோசமான இடம் உச்சி. பார்ன்ஸும் லாஃப்பும் 1990களில் விளக்கியபடி, பொரைட்டீஸ் தன் கூட்டை மேற்பரப்பில் மட்டும் கட்டுவதில்லை. இழையம் நிறைந்திருக்கும் ஆழம் முழுவதும் ஏற்கெனவே கட்டிய கூட்டைத் தடிப்பாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே உச்சியில் உள்ள சில மில்லிமீற்றர் கூடு இன்னும் முற்றாத கூடு. அதன் அடர்த்தியை எடுத்து முந்திய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் எப்போதும் குறைவாகவே வரும். அதோடு, உருளையைத் துளைத்தெடுத்த ஆண்டு முடிந்திராது. அந்தப் பட்டை அரைகுறையாக நிற்கும். காலப்போக்கில் வளர்ச்சி குறைகிறதா என்ற கேள்விக்கு விடை கடைசி ஆண்டுகளில்தான் இருக்கிறது. அளவீடு மிகவும் பலவீனமாக இருப்பதும் அதே கடைசி ஆண்டுகளில்தான். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைக் கற்பாரில் 69 கற்பார்களிலிருந்து 328 பொரைட்டீஸ் முருகைக்கற்களை அளந்த டேயாத், லாஃப், ஃபப்ரிசியஸ் ஆகியோர், 1990 இலிருந்து சுண்ணப்படிவு 14.2 சதவீதம் வீழ்ந்துவிட்டது என்று 2009 இல் எழுதியபோது உலகச் செய்தியானது. 2013 இல் ரிட் முதலானோர் அதே தரவை மீளாய்ந்து, முருகைக்கல்லின் வயதையும் கடைசிப் பட்டைகளின் அளவீட்டையும் காரணம் காட்டி மறுத்தார்கள். முதல் குழுவினர் தங்கள் முடிவில் உறுதியாக நின்று பதிலெழுதினார்கள். யார் சரி என்று தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தச் சண்டையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, முதலில் கோடு போட்டவர்களின் ஒவ்வொரு கோடும் படத்தின்மீதே எல்லோருக்கும் திறந்திருந்தால் வாதத்தில் பாதி தேவைப்பட்டிராது என்பதுதான்.

இனி நம் கடலுக்கு வருவோம். மென்பொருட்கள் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு ஒரு கோடை, ஒரு குளிர்காலம் என்ற ஒழுங்குள்ள இடங்களை மனத்தில் வைத்தே பழகியவை. வங்காள விரிகுடாவின் ஒழுங்கு வேறு. சித்திரை, வைகாசியில் கடலின் மேற்பரப்பு மிகவும் சூடேறும். தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் தணியும். புரட்டாதி, ஐப்பசியில் மறுபடி சற்று ஏறும். மார்கழி, தையில் குளிரும். ஆண்டுக்கு இரண்டு ஏற்றங்கள் உள்ள கடலில் வளரும் முருகைக்கல் ஆண்டுக்கு ஒரு சோடிப் பட்டையைத்தான் போடும் என்று முன்கூட்டியே முடிவுகட்ட முடியாது. சிகரங்களைத் தானாகவே கண்டுபிடித்துத் தரும் மென்பொருள், நடுவில் இருக்கும் சிறிய சிகரத்தைத் தனி ஆண்டாக எண்ணினால் வளர்ச்சி பாதியாகிவிடும். அதை இரைச்சல் என்று வழித்துவிட்டால், உண்மையில் ஓர் ஆண்டாகவே இருந்த ஒன்று காணாமற்போகலாம். எந்த அளவுக்கு வழிக்க வேண்டும் என்ற எண்ணைக் கொடுப்பவரும் மனிதர்தான். எங்களுக்கிடையில் வழக்குக்கு வந்த அந்த மெல்லிய கோட்டைப் போன்றவை நம் கடலில் நிறையவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். கடல் மிகவும் சூடேறி முருகைக்கல் நிறமிழக்கும் வெளிறல் ஏற்பட்ட ஆண்டுகளில் சில முருகைக்கற்கள் வழமைக்கு மாறான அடர்ந்த பட்டையொன்றைப் போட்டுவைப்பதும் உண்டு. 1998 இல் ஹிக்கடுவவையும் கற்பிட்டியையும் ஒட்டிய கற்பார்கள் வெளிறியது எல்லோரும் அறிந்தது. அப்படியொரு பட்டை கிடைத்தால் அது ஆண்டுக்கோடு அன்று. ஆனால் ஆண்டுக்கணக்கைச் சரிபார்க்க அதைவிட நல்ல அடையாளக் கல் கிடைக்காது.

மலைநாட்டானாகிய எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. எங்கள் ஊரைக் கடந்து ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது; மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. இந்த மலைகளின் மண் போய்ச் சேரும் கடல் அது. அவுஸ்திரேலியாவில் பேர்டெக்கின் நதியின் வெள்ளம் வந்துபோன ஆண்டுகள், கரையோர முருகைக்கற்களில் புறஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் கோடுகளாகப் பதிந்திருப்பதை 1984 இல் ஐஸ்டேல் காட்டினார். 2003 இல் மக்கலக் முதலானோர், வன்கூட்டில் கல்சியத்தோடு ஒப்பிடும்போது ஆற்று வண்டலோடு வரும் பேரியம் எவ்வளவு என்பதை அளந்து, 1870 அளவில் ஐரோப்பியக் குடியேற்றமும் கால்நடை வளர்ப்பும் பெருகிய பின்னர் அந்நதி கொண்டுவரும் வண்டல் ஐந்து முதல் பத்து மடங்கு வரை கூடிவிட்டது என்று எழுதினார்கள். இங்கேயும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் மலைகள் மொட்டையாகின. கோப்பிக்காக வெட்டிய காடு, 1869 இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகு, 1867 இல் லூல்கந்துரவில் தொடங்கியிருந்த தேயிலைக்குக் கைமாறியது. காட்டை வெட்டியதும், சரிவில் கான் வெட்டி மண்ணை மறித்ததும், மறித்தும் நிற்காமல் மண் ஆற்றோடு போனதைப் பார்த்ததும் எங்கள் முன்னோர்தாம். அவர்கள் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. வளர்ச்சிக் கோடு மட்டும் இதைச் சொல்லாது, பேரியத்தை அளக்க வேண்டும். ஆனால் பேரியம் கூடிய அடுக்கு எந்த ஆண்டுக்குரியது என்பதைச் சொல்வது கோடுகளின் கணக்குத்தான். அங்கே ஐந்து கோடுகள் பிசகினால் கோப்பிக் காலத்து மண் தேயிலைக் காலத்துக்குப் போய்விடும். 1976 இல் பொல்கொல்லையில் ஆற்றைத் திசைதிருப்பியதும், 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் எழுந்து வண்டலைத் தேக்கியதும் ஆண்டு தெரிந்த நிகழ்வுகள் என்பதால், குடாவின் கலங்கல் நீர் எட்டும் விளிம்பில் வளரும் முருகைக்கல்லில் கோடுகளைச் சரிபார்க்க அவை நல்ல நிலைக்கற்களாக அமையக்கூடும்.

இந்தக் காரணங்களால்தான் தோமஸ் டிகார்லோவும் கூட்டாளிகளும் உருவாக்கிய கோரல்-சி.ரி. போன்ற மென்பொருளின் போக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் ஸ்கேன்கள் பொதுவான இடத்தில் இருக்கின்றன. பார்க்கிறவர் முப்பரிமாண உருளையில் பட்டை எல்லைகளை வரைகிறார். வரைந்த எல்லைகள் சேமிக்கப்படுகின்றன. வேறொருவர் அதே உருளையைத் திறந்து தம் எல்லைகளை வரைந்து ஒப்பிடலாம். கோடுகளை இயந்திரமே கண்டுபிடித்துவிடும் என்று விளம்பரப்படுத்தும் கருவிகள் இனி நிறைய வரும். வரட்டும், வேலை விரைவாகும். ஆனால் அவை போடும் கோடும் ஒரு வாசகரின் கோடாகவே பெயரிட்டுச் சேமிக்கப்பட வேண்டும். மனிதர் திருத்திய இடம் திருத்தம் என்றே தெரிய வேண்டும். எங்கள் துறையில் ஓர் எக்ஸ்ரேயைப் பார்த்து இரண்டு டொக்டர்கள் இருவேறு அறிக்கை எழுதினால் இரண்டும் கோவையில் இருக்கும். பின்னையதை எழுதுவதற்காக முன்னையதைக் கிழிப்பதில்லை.

பெரிய உருளையொன்றின் ஸ்கேனை முழுமையாகத் திறந்தால் என் பழைய மடிக்கணினி மூச்சுவாங்குகிறது. அதனால் துண்டு துண்டாகத் திறந்து பார்க்கும் வசதியுள்ள மென்பொருளையே நான் நாடுகிறேன். நம் நாட்டு மாணவர்கள் பலருக்கும் இதுவே நிலைமை. எங்களுக்கிடையில் தீராத அந்தக் கோட்டை அக்காவின் மகள் இப்போது 'ஐயம்' என்ற தனி வகையில் போட்டுவைக்கிறாள். அது ஆண்டு என்று கொண்டால் வரும் எண்ணையும், அல்ல என்று கொண்டால் வரும் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிறாள். உச்சியின் முற்றாத பட்டையைச் சராசரியில் சேர்ப்பதில்லை. அவளுடைய மேற்பார்வையாளர் ஒரே எண்தான் வேண்டும் என்கிறாராம். இரண்டையும் கொடுத்துவிட்டுக் காரணத்தையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.